இரவு வானில் மின்னி மறையும் ஒளி



ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழும் நாம், நகரத்தார்க்குக் கிட்டாத இருண்ட வானத்தைப் பெற்றவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பின்மீது மாலைதோறும் ஓர் ஒளி மின்னியது. மறைந்தது, சற்றுத் தள்ளி மீண்டும் மின்னியது. கொள்ளிவாய்ப் பிசாசு என்றனர் சிலர். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பரிகாரம் செய்வதாகக் கூறி வீட்டுக்கு வீடு பணம் திரட்டினார். நாமும் கொடுத்தோம், அதனை இம்மேடையில் மறைக்க விரும்பவில்லை. பணம் போனதினும் பெரிய இழப்பு, பெண் பிள்ளைகளை இரவுப் பாடசாலைக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சியதே.

பின்னரே நாம் முற்றத்தில் நின்று, கைக்கடிகாரத்துடன் அவ்வொளியை நோக்கினோம். அது தெற்கிலிருந்து வடகிழக்கு நோக்கிச் சீராகச் சென்றது. ஓசை இல்லை. சிவப்பு, பச்சை விளக்குகளும் இல்லை. ஆகவே விமானம் அன்று. ஒரே கால இடைவெளியில் மின்னியது. அடிவானத்தை எட்டுமுன்பே, முகில் இல்லாத வானில் மங்கி மறைந்தது.

இந்தக் கடைசிக் குறிப்பே விடையை அளித்தது. செயற்கைக்கோளுக்குத் தன்னொளி இல்லை. நமக்கு இருட்டிய பின்னரும் உயரத்தில் இருக்கும் அதன்மீது கதிரவன் ஒளி விழுகிறது. பூமியின் நிழலுள் புகுந்ததும் மறைகிறது. பணி முடிந்து கைவிடப்பட்ட ராக்கெட் பகுதி உருண்டு புரண்டு சுற்றுவதால், அதன் பக்கங்கள் முறையே ஒளியைத் திருப்பி மின்னுகின்றன. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பன்னாட்டு விண்வெளி நிலையமோ மின்னாமல் ஒரே பிரகாசத்துடன் கடக்கும். 2019 முதல் ஏவப்படும் ஸ்டார்லிங்க் கோள்கள், ஏவிய சில நாட்கள்வரை மணிமாலைபோல் வரிசையாகத் தோன்றும்.

நம் தலைக்குமேல், இதே மலையிலுள்ள காவலூரில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வை அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியால் நோக்கினர். விண்மீன் கோளை விட்டு விலகி நின்றபோதே அதன் ஒளி சில வினாடிகள் குன்றி மீண்டது. பட்டாச்சார்யா, குப்புசாமி ஆகிய ஆய்வாளர்கள் அதனைப் புதிய துணைக்கோள் எனக் கருதி வெளியிட்டனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடல்மீது விமானத்திலிருந்து நோக்கிய எலியட் குழுவினருக்கோ, கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் ஒளி குன்றியது தெரிந்தது. துணைக்கோள் ஒருபுறமே மறைக்கும். இருபுறமும் மறைப்பது வளையம். காவலூர்ப் பதிவும் பின்னர் வளையத்துக்கே சான்றாயிற்று. கணிப்பு மாறியது, எழுதி வைத்த பதிவு மாறவில்லை.

பாடசாலையில் இப்போது ஒரு குறிப்பேடு தொங்குகிறது. நேரம், திசை, மின்னும் இடைவெளி, மறைந்த இடம் என நான்கு கட்டங்கள். அன்று வீட்டில் நிறுத்தப்பட்ட மாணவியருள் ஒருத்திதான் அதில் முதல் வரியை எழுதினாள். இன்று மாலை வானம் தெளிவாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் முற்றத்துக்கு வாருங்கள்.