தோட்டம் மாறினாலும் உடன்வரும் காப்பு

(கேமரன் மலை, கம்போங் ராஜாவில் தேயிலைத் தோட்ட மக்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை. ரப்பர்த் தோட்டங்களில் உள்ள நம் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடப்பெறுகிறது.)



பகலெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்த களைப்போடும், மாலைக் குளிரைப் பொருட்படுத்தாமலும் இங்கே கூடியிருக்கிறீர்கள். உங்களிடம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே. வீட்டில் சம்பாதிப்பவர் நோயில் விழுந்தால் அந்த வீட்டுக்கு யார் பொறுப்பு? இக்கேள்வி தேயிலை மலைக்கும் பால்மரக் காட்டுக்கும் பொதுவானது.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார் வள்ளுவர். இக்காலத்தில் ஐந்தாவது கூறு ஒன்று சேர்ந்துவிட்டது. அது செலவு. மருத்துவரும் மருந்தும் அருகிலேயே இருந்தாலும், வேலைக்குப் போகாத நாளின் சம்பளமும், மலையிறங்கி ஈப்போ பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் வண்டிச் செலவும் ஏழைக் குடும்பத்தை வாட்டிவிடுகின்றன.

தோட்டத்தோடு கட்டுண்டிருந்த காலம்

நம் முன்னோர் காலத்தில் இப்பொறுப்பு தோட்ட முதலாளியைச் சார்ந்திருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, தொழிலாளர்க்கு மருத்துவமனை அமைக்குமாறு தோட்ட முதலாளிக்கு ஆணையிட அரசாங்கத்துக்கு அதிகாரம் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி, டிரஸ்ஸர், ஆயாக் கொட்டகை ஆகியவை அவ்வழியில் அமைந்தவை. 1952இல் வந்த தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டமும், வேலையில் காயமுற்றவருக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்று விதித்தது.

இவற்றால் பயன் விளைந்தது உண்மை. ஆனால், அந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரே தோட்டத்தோடு கட்டுண்டிருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தனர். லயத்தோடு சேர்ந்து ஆஸ்பத்திரியும் கைவிட்டுப் போயிற்று. அந்த நெருக்கடியில்தான் 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியொருவர் கையில் சிறு தொகையாக இருக்கும் பணம், பல்லாயிரவர் கூடியபொழுது தோட்டத்தையே வாங்கும் வலிமை பெற்றது.

காப்புறுதியின் தத்துவமும் இதுவே. நம் தோட்டங்களில் மரண சகாய நிதி நடத்தியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் சிறிது கொடுக்கிறோம். துன்பம் யார் வீட்டுக்கு வருகிறதோ அந்த வீடு பெறுகிறது. அதனால் பெறுபவர் கடனாளியும் அல்லர், இரப்பவரும் அல்லர்.

1971: ஆளோடு வரும் பாதுகாப்பு

1969இல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1971இல் சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தோன்றியது. இன்று அதனைப் பெர்கேசோ என்று குறிப்பிடுகின்றனர். இச்சட்டம் செய்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பாதுகாப்பு தோட்டத்தை விட்டு ஆளிடம் வந்தது. தோட்டம் கைமாறினாலும், முதலாளி மாறினாலும், தொழிலாளி ரப்பரை விட்டுத் தேயிலைக்கோ தொழிற்சாலைக்கோ சென்றாலும், அவர் பெயரில் சேர்ந்த சந்தா அவர் பெயரிலேயே இருக்கும்.

தொடக்கத்தில் வகுக்கப்பட்டவை இரண்டு திட்டங்கள். முதலாவது, வேலையிட விபத்துத் திட்டம். வேலையில் ஏற்படும் காயம், வேலையால் வரும் நோய், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே செல்லும் வழியில் நேரும் விபத்து ஆகியவை இதில் அடங்கும். விபத்தால் நான்கு நாளோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்புப் பெற்றவருக்கு, கணக்கிடப்படும் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும்.

இரண்டாவது, இயலாமைத் திட்டம். இதைப் பற்றித்தான் நம்மவரிடையே தவறான எண்ணம் மிகுதியாக இருக்கிறது. 'வேலையில் அடிபட்டால்தானே சொக்சோ' என்பார்கள். அப்படியன்று. அறுபது வயதுக்குட்பட்ட ஒருவர் எந்த நோயாலேனும் வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாத நிலையை அடைந்தால், உரிய சந்தாக் கணக்கு இருப்பின், ஓய்வூதியம் கோரலாம். அந்த நோய் வேலையால் வந்திருக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு உதவியும் உண்டு.

இவ்விரண்டுக்கும் தொழிலாளி செலுத்துவது சம்பளத்தில் ஏறத்தாழ அரை விழுக்காடு. முதலாளி செலுத்துவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் விழுக்காடு. நூறு வெள்ளிக்கு ஐம்பது காசு நாம் கொடுக்க, ஒரு வெள்ளி எழுபத்தைந்து காசு முதலாளி கொடுக்கிறார்.

வட்டம் விரிந்த விதம்

இக்காப்பு ஒரே நாளில் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. தொடக்கத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களும், மாதம் 500 வெள்ளிக்கு மேற்படாத சம்பளமும் மட்டுமே இதற்கு உட்பட்டன. பின்னர் படிப்படியாக எல்லை விரிந்தது. இன்று ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருக்கும் முதலாளியும் பதிவு செய்தே ஆக வேண்டும். கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள காய்கறித் தோட்டங்களில் இரண்டு பேர், மூன்று பேராக வேலை செய்பவர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

2017இல் சொந்தத் தொழில் செய்வோர்க்குத் தனிச் சட்டம் வந்தது. முதலில் வாடகை வண்டி ஓட்டுநரைக் காத்த அச்சட்டம், 2020இல் விவசாயம் உள்ளிட்ட பல துறைகளுக்கும் நீண்டது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் வேலையிட விபத்துத் திட்டத்துக்குள்ளும், 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டத்துக்குள்ளும் கொண்டுவரப்பட்டனர். பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவர் வங்காள தேசத்தவராயினும் நேப்பாளத்தவராயினும் சரிவில் வழுக்கினால் முறிவது எலும்புதானே!

2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கான திட்டமும் தொடங்கியது. 55 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி செலுத்திச் சேரலாம். சம்பளச் சீட்டில் இடம்பெறாத உழைப்பையும் உழைப்பென்று சட்டம் ஒப்புக்கொண்டது, நம் தாய்மார்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

சந்தா கட்ட இயலாதவர்க்கு

வேலையில் இல்லாத முதியோர், சந்தா கட்ட வழியற்ற ஏழைகள் ஆகியோர் நிலை என்ன? அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்கள் வெளிநோயாளியாக ஒரு வெள்ளியும், நிபுணரிடம் காட்ட ஐந்து வெள்ளியும் கட்டிச் சிகிச்சை பெறும் முறை நம் நாட்டின் பெருஞ்சிறப்பு. எனினும், இதயக் குழாய்க்குள் வைக்கும் கருவி போன்றவற்றின் விலையும் வழிச்செலவும் ஏழைகளைத் தடுத்து நிறுத்தின.

இக்குறையைத் தீர்க்க 2019இல் அரசாங்கம் இரண்டு முடிவுகளை எடுத்தது. ஜனவரியில் மைசலாம் திட்டம் தொடங்கப்பட்டது. கடும் நோய் கண்ட வருமானம் குறைந்தோர்க்கு ஒரே தடவையாக 8,000 வெள்ளியும், அரசாங்க மருத்துவமனையில் தங்கும் நாளுக்கு 50 வெள்ளி வீதம் ஆண்டுக்குப் பதினான்கு நாள் வரையும் வழங்குவதாக அது வகுக்கப்பட்டது. ஏப்ரலில் சுகாதார அமைச்சின் பெக்கா பி40 திட்டம் வந்தது. இதில் இலவச உடல் பரிசோதனை, 20,000 வெள்ளி வரையில் மருத்துவக் கருவி உதவி, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்க்கு 1,000 வெள்ளி வரையில் ஊக்கத்தொகை, தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையில் வழிச்செலவு என நான்கு நலன்கள் உள. அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் குடும்பத்தில் 40 வயது நிரம்பியவரும், அவருடைய துணைவரும் இதற்கு உரியவர். சந்தா ஏதும் இல்லை. 2023 ஜூனில், குறிப்பிட்ட சில மாவட்டங்களில், தனியார் கிளினிக்குகளிலும் இலவசச் சிகிச்சை பெறுவதற்கான மடானி மருத்துவத் திட்டம் அறிமுகமாயிற்று.

இத்தகைய முடிவுகள் நம் நாட்டில் மட்டும் எடுக்கப்பட்டவை அல்ல. தாய்லாந்து 2002இல், ஒரு தடவைக்கு 30 பாட் கட்டணத்தில், காப்பில்லாதிருந்த மக்களனைவரையும் மருத்துவக் காப்புக்குள் கொணர்ந்தது. தமிழ்நாட்டில் 2009இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையில் அறுவைச் சிகிச்சைக்கு வழிசெய்யும் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாற்றியமைக்கப்பட்டது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரம்பு ஒரு படி உயரும்போது, அதன் வெளியே நின்ற பல குடும்பங்கள் உள்ளே வருகின்றன.

வெளியே நிற்போர் யார்?

குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. ரொக்க உதவியைக் கொண்டு கணக்கிடும் திட்டங்கள் குடிமக்களுக்கே உரியவை. நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டி, சிவப்பு அடையாளக் கார்டோடு இருப்பாராயின், பெக்கா பி40 பட்டியலில் அவர் பெயர் இராது. சொக்சோ நிரந்தரவாசிகளையும் காக்கும். ஆனால், அது வேலை செய்யும் காலத்துக்கு உரியது. மூப்படைந்த அவருக்கு எது துணை? இத்தகைய முதியோரின் விண்ணப்பங்களைத் தேசியப் பதிவிலாகாவுக்குக் கொண்டு செல்வது படித்த பிள்ளைகளின் முதற்கடன்.

அடுத்தது, குத்தகைக்காரர் வழியாக வேலை பெறுவோர் நிலை. தோட்ட நிர்வாகம் குத்தகைக்காரரைக் கைகாட்ட, குத்தகைக்காரர் நாளை என்று சொல்ல, மாதங்கள் கழிகின்றன. சந்தா செலுத்தப்படாத மாதங்களின் தீங்கு உடனே தெரியாது. இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி பார்க்கையில், முந்திய 40 மாதங்களுள் 24 மாதங்களுக்கேனும் சந்தா கட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பார்கள். நோயில் விழுந்த பிறகு அந்த வெற்றிடத்தை நிரப்புவது எளிதன்று.

நாட்டு மக்கள் அனைவருக்குமான சுகாதார நிதி பற்றிய பேச்சு 1980களிலிருந்தே இருந்து வருகிறது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையிலும் அது இடம்பெற்றுள்ளது. அதன் வட்டத்துக்குள் தோட்டத்து ஏழைகள் முதலில் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், இருப்பதை முழுமையாகப் பெற்றிருக்கவும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பாதுகாப்பு தோட்டத்தோடு கட்டுண்டிருந்த காலத்தில் அதனைக் காக்கும் பொறுப்பு துரைக்கும் கிராணிக்கும் இருந்தது. இன்று அது நம்மோடு வருகிறது. ஆகவே, அதனைச் சுமந்து காக்கும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

முதலாவதாக, சம்பளச் சீட்டைப் பாருங்கள். சந்தா பிடிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அது உங்கள் பெயரில் செலுத்தப்பட்டுள்ளதா என்பதையும் சொக்சோ அலுவலகத்தில் கேட்டறியுங்கள். சீட்டுகளைத் தகரப் பெட்டியில் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவதாக, விபத்து நேர்ந்தால் அன்றே தெரிவியுங்கள். அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதனைச் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. 'சின்னக் காயந்தானே' என்று மஞ்சள் பூசி மறைத்துவிட்டுப் பின்னர் அது பெருகினால், அது வேலையில் நேர்ந்த காயம் என்பதற்குச் சான்று இராது. மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் வழியில் விழுந்தவரும் வாயை மூடிக்கொண்டிருத்தல் ஆகாது.

மூன்றாவதாக, நாற்பது வயது கடந்தவர்கள் உடல் பரிசோதனைக்குச் செல்லுங்கள். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் ஓசையின்றி வருபவை. ரொக்க உதவிக்கு விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் அதனைச் செய்யுங்கள். அப்பட்டியலில் பெயர் இல்லையேல் பெக்கா பி40லும் பெயர் இல்லை.

நான்காவதாக, படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் இளைஞரேனும் ஒவ்வொரு லயத்திலும் இதற்கென முன்வர வேண்டும். மாதம் ஒரு மாலை கோயில் மண்டபத்தில் அமர்ந்து பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்தால், பத்து வீடுகளில் விளக்கு எரியும்.

பெருமக்களே, முன்பெல்லாம் ஒருவர் படுக்கையில் விழுந்தால், சம்பள நாளன்று அவருடைய மனைவி நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார். நாமும் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி எழுதிக் கொடுத்தோம். அந்த ஈகை மறக்கத்தக்கதன்று. ஆனால், அப்பெண்மணி தலைகுனிந்து நின்றாரே, அந்தத் துன்பம் இனி நம் தோட்டங்களில் வேண்டாம். தமக்குரியதைத் தலைநிமிர்ந்து கேட்டுப் பெறவே சட்டம் அமைந்திருக்கிறது. இன்றிரவு வீடு சென்றதும் அவரவர் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள் என்று கேட்டு, விடைபெறுகிறோம்.