ஒரு சொல்லும் ஓர் உயிரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டுகளாகச் சொல்லையும் பொருளையும் ஆய்ந்து வரும் இவ்வட்டத்தின் மேடையில், ஒரு சொல்லுக்குப் பிழையான பொருள் கொள்ளப்பட்டதால் உயிரிழந்த ஓர் அம்மையாரைப் பற்றிப் பேச விழைகின்றேன். அவர் பெயர் ரெபெக்கா நர்ஸ். நர்ஸ் என்பது கணவரின் குடும்பப் பெயர். அவர் வாழ்ந்தது, வட அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயக் குடியேற்ற நாடாக இருந்த மாசசூசெட்ஸின் சேலம் கிராமத்தில். நம் சேலத்தோடு அவ்வூருக்குப் பெயர் ஒற்றுமை மட்டுமே உண்டு.

இங்கிலாந்தின் கிரேட் யார்மத் என்னும் கடற்கரை ஊரில் 1621-ஆம் ஆண்டு அவர் திருமுழுக்குப் பெற்றார். கடல் கடந்து புதிய நாட்டுக்கு வந்த குடும்பம் அவருடையது. பிரான்சிஸ் நர்ஸ் என்னும் மரவினைஞரை மணந்து, எட்டு மக்களைப் பெற்று வளர்த்தார். 1678-இல் அக்குடும்பம் 300 ஏக்கர் பண்ணையொன்றைத் தவணை முறையில் விலை பேசிப் பெற்றது. இறைப்பற்றும் நல்லொழுக்கமும் உடையவர் என்று ஊரார் மதித்த மூதாட்டி அவர்.

1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிராமப் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டுச் சிறுமியர் இருவர்க்கு விளங்காத வலிப்பு கண்டது. சூனியமே காரணம் என்று முடிவு கட்டினர். முதலில் பழி சுமத்தப்பட்டவர்கள் வறியவள் ஒருத்தி, நோயுற்ற பெண்மணி ஒருவர், போதகர் வீட்டு அடிமைப் பெண் டிட்டூபா ஆகியோர். ஆதரவற்றோரைப் பற்றிய தீ, மதிப்புடையோர் வீட்டுக்கும் பரவ நெடுநாள் ஆகவில்லை. மார்ச்சுத் திங்களில் ரெபெக்காவின் பெயரும் சொல்லப்பட்டது.

நோயுற்றுப் படுத்திருந்த அவரைக் காணச் சிலர் சென்றனர். தம்மீது பழி எழுந்திருப்பதை அறியாத நிலையில், துன்புறும் அச்சிறுமியர்க்காக அவர் இரங்கிப் பேசினார். செய்தியைச் சொன்னதும் திகைத்து அமர்ந்தார். முதுமையில் இத்துயர் வந்துறுவதற்குத் தாம் வருந்தாது விட்ட பாவம் எதுவோ என்று தம்மையே வினவிக்கொண்டார். மார்ச்சு 24-ஆம் நாள் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அவருக்கு அகவை 71. அவருடைய ஆவியுருவம் வந்து கிள்ளுகிறது, நெரிக்கிறது என்பதே சான்று. பிறர் கண்ணுக்குப் புலப்படாத அவ்வுருவத்தை எவரால் மறுத்துரைக்க முடியும்?

அந்நாளிலும் அஞ்சாதார் இருந்தனர். அவர் நல்லவர் என்று ஏறத்தாழ 40 அண்டை அயலார் கையொப்பமிட்டு விண்ணப்பம் அளித்தனர். சூனியக்காரிக்குப் பரிந்து பேசுவோர்மீதே ஐயம் பாயும் காலத்தில், அக்கையொப்பம் ஒவ்வொன்றும் துணிவுச் செயலாகும்.

ஜூன் இறுதியில் வழக்கு நடந்தது. ஜூரிகள் குற்றமில்லை என்றே தீர்ப்புக் கூறினர். மன்றத்தில் கூச்சல் எழுந்தது. அப்போது தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன், ரெபெக்காவின் வாய்ச்சொல் ஒன்றை ஜூரிகளுக்கு நினைவூட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த டெலிவரன்ஸ் ஹாப்ஸ் என்பவர் சாட்சியாகக் கொணரப்பட்டபோது, அவர் எங்களுள் ஒருவராயிற்றே என்னும் பொருள்பட ரெபெக்கா வியந்து கூறியிருந்தார். எங்களுள் என்றால் யாருள்? சிறைப்பட்டோருள் என்றும் கொள்ளலாம். சூனியக்காரருள் என்றும் கொள்ளலாம். ஜூரிகளின் தலைவர் தாமஸ் ஃபிஸ்க் பொருள் துணிய இயலாமல், மன்றத்துக்கு மீண்டு அவரையே வினவினார். விடை வரவில்லை. அம்மௌனமே குற்றத்துக்குச் சான்றாயிற்று, தீர்ப்பு மாறியது.

அவர் ஏன் விடை கூறவில்லை? பின்னர் அவரே எழுத்து மூலம் தெரிவித்தார். உடன் சிறைப்பட்டவர் என்ற பொருளிலேயே அச்சொல்லைக் கூறியதாகவும், தமக்குச் செவிப்புலன் குறைவு என்றும், துயர் நிறைந்திருந்த நிலையில் தம் சொல்லை மன்றம் எவ்வாறு கொண்டது என்பதை எவரும் தமக்கு உணர்த்தவில்லை என்றும் விளக்கினார். விளக்கம் பயன்படவில்லை. தேவாலயம் அவரை விலக்கி வைத்தது. ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்தி வைத்துப் பின் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். ஜூலை 19-ஆம் நாள் வேறு நான்கு பெண்களுடன் ரெபெக்கா தூக்கிலிடப்பட்டார்.

ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றோர் உயிர் தப்பினர் என்பதையும் இங்கே எண்ண வேண்டும். பொய் சொல்லியிருந்தால் அவரும் பிழைத்திருக்கலாம். அவர் தங்கை மேரி ஈஸ்ட்டியும் செப்டம்பரில் தூக்கிலேறினார். தம் உயிருக்காக மன்றாடாமல், இனியேனும் குற்றமற்றோர் குருதி சிந்தாதிருக்க வேண்டும் என்றே அவர் விண்ணப்பித்தார். அவ்வாண்டில் தூக்கிலிடப்பட்டோர் 19 பேர்.

வருத்தம் பின்னர் வந்தது. 1697-இல் ஃபிஸ்க் உள்ளிட்ட ஜூரிகள் 12 பேரும் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டனர். சிறுமியாக இருந்து பழி கூறிய ஆன் பட்னம், 1706-இல் சபையின்முன் ரெபெக்காவின் பெயரைச் சுட்டியே வருந்தினார். 1711-இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. 1712-இல் தேவாலயம் விலக்கை நீக்கியது. அப்பண்ணையில் வழித்தோன்றல்கள் 1885-இல் ரெபெக்காவுக்கு நினைவுத்தூண் எழுப்பினர். கையொப்பமிட்ட அயலார்க்கும் 1892-இல் அங்கே நினைவுக்கல் நாட்டப்பட்டது.

பெருமக்களே! சிலேடை புலவர்க்கு இன்பம் தரும். இருபொருள் தரும் சொல்லைக் கேட்டால், கூறியோர் கருத்து எது என்று இடமும் காலமும் நோக்கித் துணிவதே நம் உரையாசிரியர்கள் காட்டிய நெறி. ஒரு மூதாட்டியின் அருகே சென்று, அவர் செவியில் விழுமாறு அதே வினாவை இன்னொரு முறை கேட்க அம்மன்றத்தில் ஒருவர்க்கும் தோன்றவில்லை. பாட்டுக்குப் பொருள் காண்பதில் நாம் காட்டும் பொறுமையை, பழிக்கப்பட்ட மனிதரின் சொல்லுக்குப் பொருள் காண்பதிலும் காட்டுவோமாக. நாம் பயின்ற கல்விக்கு அதுவே பயன்.