முள் நிற்கும் இடம்

(செஞ்சிப் பக்கத்து வல்லத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘பேலன்ஸ்’ பற்றிப் பேசச் சொன்னார்கள். நாம் நாள் முழுக்கச் சொல்லும் சொல்தான். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தரும் பாக்கி, வங்கிப் புத்தகத்தின் கடைசி வரியில் நிற்கும் இருப்பு, மளிகைக்கடை நோட்டில் இழுத்துக்கொண்டே போகும் நிலுவை, செல்போனில் தீர்ந்துபோகும் காசு, எல்லாம் பேலன்ஸ்தான். சைக்கிள் பழகும் பிள்ளைக்கும் தலையில் கரகம் வைத்து ஆடுகிறவருக்கும் வேண்டியதும் அதுவே. குடும்பத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கும் மகனைக் கேட்டால் அவரும் இதே சொல்லைத்தான் சொல்வார். லத்தீனில் இதற்கு மூலமான சொல்லுக்கு ‘இரண்டு தட்டு’ என்று பொருள். ஆகவே எல்லாப் பொருளுக்கும் தாய் தராசுதான். இன்று தராசைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதிலும் ஒரே ஒரு கேள்வி: முள் எங்கே நிற்கிறது என்பதை யார் பார்க்கிறார்கள்?

அறக்கட்டளை மேடையில் நிற்பதால் ஒரு பழைய அறக்கட்டளைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்த செய்தி ஏராளம். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆட்டுக்குப் பதில் 48 பசு அல்லது 16 எருமை என்றும் கணக்கு உண்டு. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழமாகாத ஆடு உலகத்தில் உண்டா? கிடையாது. செத்த ஆட்டுக்குப் பிறந்த குட்டி ஈடு. கிழடு கழிந்தால் இளசு ஈடு. கணக்கில் எப்போதும் 96 நிற்க வேண்டும். முதல் குறையாமல் விளைச்சலை மட்டும் செலவு செய் என்பதை இன்றைய வங்கிகூட இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். நான்கு உழக்கு ஒரு நாழி. 365 உழக்கு என்றால் 91 நாழியும் ஓர் உழக்கும். அதாவது ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய்கூடக் கேட்கவில்லை. குட்டி, ரோமம், எரு எல்லாம் இடையருக்கு. இரண்டு பக்கமும் கட்டுப்படியாகிற ஒப்பந்தம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் அத்தனை ஊர்களில் அத்தனை காலம் நடந்திருக்கிறது.

அந்த உழக்கு எந்த உழக்கு என்று சண்டை வராதா? வரும். அதற்கும் வழி செய்திருந்தார்கள். தஞ்சைக் கோயில் கல்வெட்டில் எந்தப் பொருளை எந்தக் கல்லால் நிறுத்தோம் என்றே எழுதியிருக்கிறது. பொன்னுக்கு ஆடவல்லான் என்னும் கல். நகைகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல். நெல் அளக்க ஆடவல்லான் என்னும் மரக்கால். அது இராசகேசரி மரக்காலுக்குச் சமம் என்ற குறிப்பும் உண்டு. எடைக்கல்லுக்குச் சாமி பெயர். அந்தக் கல்லைச் சுரண்ட யாருக்குக் கை வரும்? பக்தியை ஒரு பக்கம் வையுங்கள். நிறுத்த கணக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி கோயில் சுவரில் வெட்டி வைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இராசராசன் திருவிசலூரில் துலாபாரம் புகுந்தான் என்பதும் கல்வெட்டுச் செய்திதான். அரசனின் எடைக்கு எடை பொன். ஆனால் அந்தத் தராசில் அரசனே தட்டிலும் உட்கார்ந்திருந்தான், கல்லுக்கும் அவனே சொந்தக்காரன். குடியானவன் தராசு அப்படி இல்லை.

நம் ஊருக்கு வருவோம். செஞ்சிக் கோட்டையின் கீழ்க்கோட்டையில் இருக்கும் நெற்களஞ்சியத்தைப் பார்க்காத செஞ்சிக்காரர் இருக்க முடியாது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இருந்து சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சி. அங்கு வருகிறவர்கள் மதிலையும் பீரங்கியையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். களஞ்சியத்தின் முன் யாரும் நிற்பதில்லை. 1690-லிருந்து 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே மராட்டிய அரசன் இராசாராம். முற்றுகை என்றால் உள்ளே இருப்பவன் பட்டினி கிடப்பான் என்றுதான் நினைப்போம். இங்கே நடந்தது வேறு. மராட்டியப் படைகள் வெளியிலிருந்து தானிய வழியை மறித்ததும் முற்றுகையிட்ட மொகலாயப் பாளையமே சோற்றுக்குத் திண்டாடியது. 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கடைசியில் 1698-இல் கோட்டை விழுந்தது என்பது வேறு கதை. எட்டு ஆண்டுகள் இழுத்தடித்ததில் குதிரைக்கு எவ்வளவு பங்கோ, குதிருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அந்தக் களஞ்சியத்துக்கு நெல் அளந்தவர்கள் நம் முன்னோர்கள். மரக்காலால் அளந்தார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். களத்தில் அளக்கிறவர் ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்று தொடங்கி ‘இரண்டு’ என்று போவார். தாத்தாக்கள் இருக்கும் வீட்டில் இன்றும் கேட்கலாம். லாபம் யாருக்கு என்பதில்தான் வில்லங்கம். மரக்காலைக் கோபுரமாக அளப்பதா, தலை தட்டி அளப்பதா? வாரம் வாங்கும்போது கோபுரம், கூலி கொடுக்கும்போது தலைதட்டு என்றால் மரக்கால் ஒன்றுதான், அளவு இரண்டு. படியை அசைத்து அளந்தால் ஒரு கணக்கு, மெல்லக் கொட்டி அளந்தால் இன்னொரு கணக்கு. அளக்கும் கை யாருடையதோ அவருடையது நியாயம்.

எடை வந்தபோது இந்தத் தொல்லை தீர்ந்ததா? தென்னார்க்காட்டில் மல்லாட்டை பெருகியது. மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள், நமக்கு மல்லாட்டைதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பக்கத்து மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. வியாபாரம் கடல் கடந்தது, எடை மட்டும் ஊருக்கு ஊர் மாறியது. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி என்று வாய்ப்பாடு சொல்லும். சந்தையில் கண்டி ஒரு மாதிரி நிற்காது. விற்கும் ஊரில் ஒன்று, வாங்கும் ஊரில் ஒன்று.

போதாக்குறைக்குத் தராசே கோணலாக இருக்கும். இதை மாணவர்கள் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள். ஒரு தராசுக் கோலின் ஏறக்குறைய நடுவில் தொங்குகயிறு. ஒரு பக்கம் 50 சென்டிமீட்டர், மறுபக்கம் 49. வெறும் தட்டோடு தூக்கினால் முள் நேராகத்தான் நிற்கும்; ஏனென்றால் குட்டையான பக்கத்துத் தட்டைக் கொஞ்சம் கனமாகச் செய்திருப்பார்கள். இப்போது நீண்ட பக்கத்தில் 50 கிலோ படிக்கல். குட்டைப் பக்கத்தில் மல்லாட்டை. முள் நேராக நிற்க எவ்வளவு மல்லாட்டை வேண்டும்? 50-ஐ 50-ஆல் பெருக்கி 49-ஆல் வகுத்தால் 51 கிலோவும் சொச்சமும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ போயிற்று. முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் தெரியாது. தட்டு சமம், கோல் நேர், எல்லாம் சரி. மூட்டைக்கு ஒரு கிலோ மட்டும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ‘தட்டை மாத்திப் போடு’ என்று கேட்பது. கல் இருந்த தட்டில் சரக்கு, சரக்கு இருந்த தட்டில் கல். முதலில் 50 காட்டிய அதே மூட்டை இப்போது 52 காட்டும். குட்டு வெளிப்பட்டுவிடும். ஜெர்மன் கணித மேதை காஸ் பெயரால் இதை இரட்டை நிறுவை என்கிறார்கள். இரண்டு எடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மை எடை வரும் என்பது அதன் சூத்திரம். வர்க்கமூலம் தெரியாமலே தட்டை மாற்றச் சொன்ன பெண்கள் சந்தையில் உண்டு. மாற்றிப் போட மறுக்கும் கடையில் வாங்காமல் விற்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் வெள்ளாமைக்கு முன்பே கடன் வாங்கியவர் அந்த வியாபாரியிடம் தட்டை மாற்றச் சொல்ல முடியுமா? வாயைத் திறந்தால் அடுத்த போகத்துக்கு விதைக்காசு கிடைக்காது. கொள்ளை தராசில் நடக்கிறது, அதற்குப் பிடி கடனில் இருக்கிறது.

லின்லித்கோ தலைமையிலான அரச வேளாண்மைக் கமிஷன் 1928-இல் கொடுத்த அறிக்கையில் சந்தை முறைகேடுகள் வரிசையாக இருக்கின்றன. எடையில் குறை, மாதிரி என்று அள்ளிக்கொள்வது, மகிமை என்றும் தர்மம் என்றும் பிடிக்கும் பிடித்தம். எல்லாம் விற்கிறவர் தலையில். இதன் பிறகு வந்ததுதான் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம், 1933. அதன்படி முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936-இல் பருத்திக்காகத் திருப்பூரில் அமைந்தது. பிறகு 1959-இலும் 1987-இலும் சட்டங்கள் மாறின. இன்று செஞ்சியில் நாம் ‘கமிட்டி’ என்று சொல்வது இந்த வழியில் வந்ததுதான். பலகையில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று இருக்கும். யார் அப்படிச் சொல்கிறார்கள்? ‘கமிட்டிக்கு நெல்லு போட்டுட்டு வரேன்’ என்பதுதான் பேச்சு.

சம்பா அறுவடை முடிந்த நாட்களில் கமிட்டிப் பக்கம் போனால் சாலை வரைக்கும் வண்டி நிற்கும். 75 கிலோ மூட்டைகள் லாட் லாட்டாக அடுக்கியிருக்கும். வியாபாரிகள் நெல்லைக் கையில் அள்ளி, உமி நீக்கிப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி தர மாட்டேன் என்று சொல்லலாம். சந்தைக் கட்டணமான நூற்றுக்கு ஒரு ரூபாய் வாங்குகிறவரிடம்தான் வசூல், விற்கிறவரிடம் இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பேசிய இருவரைத் தவிர மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் தெரியாது. கமிட்டி அந்தத் துண்டை எடுத்துவிட்டது. குறைகள் இல்லாமல் இல்லை. இடம் போதாது, மழை வந்தால் மூட்டை நனைகிறது, பணம் கைக்கு வரத் தாமதம் என்று ஆண்டுதோறும் புலம்பல் எழுகிறது. ஆனாலும் தராசை வாங்குகிறவர் வீட்டிலிருந்து பொது இடத்துக்குக் கொண்டுவந்தது இந்த நூறாண்டில் இந்தப் பக்கத்து விவசாயிக்குக் கிடைத்த பெரிய நன்மைகளில் ஒன்று என்பேன்.

இப்போது முள்ளே கிடையாது. எலக்ட்ரானிக் தராசு. உள்ளே ஓர் உலோகத் துண்டு பாரத்துக்கு மயிரிழை வளைகிறது, அதனால் மின்தடை மாறுகிறது, அது எண்ணாக ஒளிர்கிறது. தட்டை மாற்றிப் போட முடியாது, ஒரே தட்டுதான். சிவப்பு எண்ணைப் பார்த்ததும் நாம் வாயடைத்துப் போகிறோம். மூட்டை ஏறும் முன் அந்த எண் பூச்சியமாக இருந்ததா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? சாக்கு எடை எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்கிறோமா? 50 கிலோ பிடிக்கும் பி-ட்வில் சணல் சாக்கின் எடை 580 கிராம். அதற்கு ஒரு கிலோ கழித்தால் மீதி 420 கிராம் யாருடைய நெல்?

கிலோவுக்கே இந்தச் சோதனை வந்தது என்றால் நம்புவீர்களா? பிரான்சில் ஒரு பெட்டகத்துக்குள் கண்ணாடிக் கூடுகளில் வைத்திருந்த பிளாட்டினக் கலவை உருளைதான் 1889 முதல் உலகத்தின் கிலோ. அதன் நகல்கள் நாடு நாடாகப் போயின. இந்தியாவுக்கு வந்த 57-ஆம் எண் நகல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்ததில் மூலத்துக்கும் நகல்களுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம். மூலம் இளைத்ததா, நகல் பெருத்ததா என்று சொல்லவே வழியில்லை. 2019 மே 20 முதல் உருளைக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு கிலோவை வரையறுத்தார்கள். எண்ணிலிருந்து எடையைப் பெறப் பயன்படும் கருவிகளில் ஒன்றின் பெயர் கிப்பிள் தராசு. மின்சாரத்தின் இழுவையை ஒரு பொருளின் எடையோடு சமன் பார்க்கும் கருவி. வசதியும் அறிவும் உள்ள எந்த நாடும் இனி தானே சரிபார்த்துக்கொள்ளலாம். பெட்டகச் சாவி யாரிடம் என்ற கேள்வி இல்லை.

நீதிதேவதை கையிலும் தராசு உண்டு. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நூலகத்தில் வைத்த புதிய சிலை 2024 அக்டோபரில் பேசப்பட்டது. வாள் போய் அரசியல் சாசனப் புத்தகம் வந்தது. கண்கட்டு போயிற்று. தராசு மட்டும் மாறவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடித்தால் முள்ளை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. நடுவு நிலைமைக்கு ஒரு தனி அதிகாரம் வைத்த வள்ளுவரும் சான்றோருக்குத் தராசைத்தான் உவமை சொன்னார். அவர் யார் கண்ணையும் கட்டவில்லை.

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இல் வந்து 2011 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், கைத்தராசுக்கும் படிக்கல்லுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை வைக்க வேண்டும். முத்திரைச் சான்றைக் கடையில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறுவடைக்கு அப்பாவோடும் அம்மாவோடும் எடை போடும் இடத்துக்குப் போங்கள். மூட்டை ஏறும் முன் பூச்சியத்தைப் பாருங்கள். சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முத்திரைச் சான்றின் கெடு முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் மூட்டையை விட்டுவிட்டு வராதீர்கள்.