நூறு மைல் சவாரியும் ஒரு ஸ்டெதாஸ்கோப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க, ஆனா மாட்டைப் பத்திப் பேசாதீங்க" என்பது செயலாளர் போட்ட உத்தரவு. ஆகவே குதிரை! கால்நடை மருத்துவம் படித்த நம்மில் பலருக்கு மாடு, ஆடு, கோழி என்றே காலம் ஓடிவிட்டது. ஆனால் நம் தொழில்காரர் சொல்வதே தீர்ப்பு என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அதுதான் நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டி.

1955-ல் கலிஃபோர்னியாவில் வெண்டல் ரோபி என்பவர், "இந்தக் காலத்துக் குதிரையும் ஒரே நாளில் நூறு மைல் போகும்" என்று நிரூபிக்க நாலு பேரோடு கிளம்பினார். டாஹோ ஏரிப் பக்கமிருந்து ஆபர்ன் ஊர் வரை, சியரா நெவாடா மலைகளின் குறுக்கே. அதுவே இன்று 'டெவிஸ் கப்'. 24 மணி நேரத்துக்குள் 160 கிலோமீட்டர். விடிகாலைக் குளிரில் கிளம்பி 2,600 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி, மதியம் பள்ளத்தாக்குகளில் இறங்கினால் அனல். 38 டிகிரியும் தாண்டும். ராத்திரியில் நிலா வெளிச்சம்தான் துணை. கிளம்புகிறவர்களில் சுமார் பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள்.

இதில் எதிரி தூரம் அல்ல, சூடு. தசை செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது என்று முதலாண்டிலேயே படித்தோம். குதிரை அதை வியர்வையால் ஆற்றிக்கொள்கிறது. கடும் வெயிலில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்க்கும். ஆபத்து அதிலேதான் இருக்கிறது. நமக்கு வியர்த்தால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும், தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையோடு உப்பும் ஏராளமாகப் போய்விடுவதால் செறிவு அவ்வளவாக ஏறாது. உடம்பு வற்றிக்கொண்டே இருக்கும். அதுவோ தண்ணீர்த் தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்! காற்றில் ஈரப்பதமும் கூடிவிட்டால் வியர்வை உலராது, சூடும் இறங்காது.

அதனால் வழியெல்லாம் பரிசோதனைச் சாவடிகள். நாடித்துடிப்பு குறித்த நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 64 என்பது எல்லை. ஈறை அழுத்திப் பார்ப்பார்கள், தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள், குடல் சத்தம் கேட்பார்கள், கடைசியில் ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். நம்ம வகுப்பில் சொன்ன அதே பாடம்தான். தேறவில்லை என்றால் சவாரி அத்தோடு முடிந்தது. முதலாவதாக வந்து சேர்ந்தாலும், "இந்தக் குதிரை இன்னும் போகத் தகுதியானது" என்று டாக்டர் சொன்னால்தான் வெற்றி.

"சூடான குதிரை மேலே பச்சைத் தண்ணியை ஊத்தாதே, தசை பிடிச்சுக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்காக நடந்த ஆராய்ச்சிகள் அந்தப் பயத்தைப் போக்கின. குளிர்ந்த நீரை நிறைய ஊற்றுவதே உயிர் காக்கும் வைத்தியம் என்று தெரிந்தது.

1973-ல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவரின் குதிரை நொண்டியதால் பாதி வழியில் நிறுத்தப்பட்டார். மறு வருஷம் குதிரையே இல்லாமல் அதே பாதையில் தன் காலாலேயே ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார்! நூறு மைல் மலைப்பாதை ஓட்டம் என்ற விளையாட்டே அதிலிருந்துதான் வளர்ந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அவர் தன் உடம்பை வருத்திக்கொண்டார். அது அவர் இஷ்டம். குதிரைக்கு அந்த இஷ்டம் கிடையாது.

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் ட்ரையன் நகரில் உலகப் போட்டி. வெப்பமும் ஈரப்பதமும் தாங்க முடியாமல் போக, சவாரி நடுவிலேயே ரத்தானது. பல வருஷம் உழைத்து வந்தவர்களுக்குக் கோபம், கண்ணீர். நியாயந்தான். ஆனாலும் பல குதிரைகளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது, ஒன்று பிழைக்கவில்லை. நிறுத்தியது தவறா, நிறுத்த இவ்வளவு நேரம் எடுத்தது தவறா? என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

நண்பர்களே, பரிசுக் கோப்பை கண்ணெதிரே இருக்கும்போது "வேண்டாம், இறங்குங்கள்" என்று சொல்வது சுலபமில்லை. ரேக்ளாவானாலும், பந்தயக் குதிரையானாலும், சினைமாட்டை லாரியில் ஏற்றும் வியாபாரியானாலும் நம் கையெழுத்துக்காக ஒருவர் அவசரப்படுத்துவார். வாயில்லா ஜீவனுக்கு அந்த நேரத்தில் வாய் நாம்தான். அதற்காகத்தான் இந்தக் கல்லூரி நமக்குப் பட்டம் கொடுத்தது.