இல்லத்தில் இரத்த சுத்தி
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

சிறுநீரகங்கள் அறவே செயலிழந்தவர் உயிர் தரித்திருக்க வேண்டுமாயின், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரையிலேனும் அவரது இரத்தத்தைச் செயற்கையாகச் சுத்தி செய்துவர வேண்டும். இதனையே டயாலிஸிஸ் என்பர். 1943-ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து வைத்தியர் வில்லெம் கோல்ப் என்பார் இதற்குரிய யந்திரத்தை மனிதரிடத்துக் கையாண்டார். இன்று நோயாளிகள் பலர் வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குச் சென்று, முறைக்குச் சுமார் நான்கு மணி நேரம் யந்திரத்தருகே கிடக்கின்றனர். அவர் கூலியும் போகிறது. துணை செல்பவர் கூலியும் போகிறது.

இதனை வீட்டிலேயே செய்துகொள்ளவும் வழியுண்டு. வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் வழியே சுமார் இரண்டு லிட்டர் மருந்துநீரைச் செலுத்தினால், வயிற்றின் உட்சவ்வே வடிகட்டியாக நின்று கழிவுகளை அதில் இறக்கிவிடும். சில மணி நேரம் சென்றபின் அதனை வடித்துப் புதுநீர் நிரப்புதல் வேண்டும். நாளொன்றுக்குப் பெரும்பாலும் நான்கு தடவை. ஒவ்வொன்றும் அரைமணிக் காரியம். ஹாங்காங்கில் 1985 முதல் இம்முறைக்கே முதலிடம் அளித்தனர். நம் தேசத்திலும் மத்திய அரசாங்கத்தார் 2019-இல் இதற்கு வழிகாட்டும் விதிகளை வெளியிட்டனர்.

நிற்க, ஆஸ்பத்திரியில் தாதியர் பலர் செய்த வேலை வீட்டில் யார் தலையில் விழுகிறது? நம் குடும்பங்களில் மனைவி அல்லது மருமகள் ஒருத்தியின் தலையிலேயே விழுகிறது. அவள் சோர்ந்தால் சுத்தம் தவறும். சுத்தம் தவறினால் வயிற்றினுள் கிருமி புகும். ஆதலின் இயன்றவரை நோயாளியே முதலிற் பயிலட்டும். அவருடன் வீட்டார் இருவரேனும் பயிலட்டும். கதவை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே குழாயைத் தொடுதல் வேண்டும். வடித்த நீர் கலங்கியிருப்பினும், வயிற்றுவலியோ சுரமோ கண்டாலும், மறுநாளைக்கென்று ஒத்திவையாது அன்றே வைத்தியரை அடைதல் வேண்டும்.

உறவினராகிய நாம் செய்யத்தக்கது யாது? மருந்துநீர்ப் பெட்டிகளை வைக்க இடமில்லாத வீட்டாருக்கு ஈரமில்லாத ஓர் அறை உதவலாம். நீர் மாற்றும் வேளையில் நலம் விசாரிக்கச் செல்லாதிருக்கலாம். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை சென்று, பணிவிடை செய்பவர் ஒருபொழுதேனும் உறங்கும்படி ஏனைய வேலைகளை ஏற்கலாம்.

இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. வைத்தியர் ஆராய்ந்து கூற, நோயாளியே தீர்மானிக்க வேண்டும். வீட்டில் இயலாது மீண்டும் ஆஸ்பத்திரிக்குச் செல்பவரை இகழ்தல் ஆகாது. பிணியாளரை வீடு சேர்ப்பதோடு நம் கடமை முடிவதில்லை; அங்கிருந்தே அது தொடங்குகிறது என்பதை ஒவ்வொருவரும் நினைவிற் கொள்வோமாக.