கடையநல்லூர் கட்டிய பள்ளி



ஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் என்ற சிவத்தலம் இருக்கும் ஊரில் நிற்கிறோம். இந்தப் பட்டமளிப்புப் பந்தலில் இருக்கும் பெற்றோர்களில் மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன் இறங்கி, உப்பு வாரிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளான உங்களில் சிலர் நாளை சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பீர்கள். போன ஊரோடு ஒத்துப்போவதா, நம்முடையதைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி அங்கே வரும். கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் அந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொல்லியிருக்கின்றன.

ஒரு காலத்தில் பிழைக்கச் சிங்கப்பூர் போன தமிழர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாகப் போன ஆண்கள். தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூர்க்காரர்களோ மனைவி மக்களையும் அழைத்துப் போனார்கள். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், துறைமுகத்தை ஒட்டிக் குடியேறினார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். மிளகாய் அரைத்த கை இரவெல்லாம் எரியும் என்பது இங்குள்ள தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகள் கூடவே இருந்ததால்தான் மொழிக் கவலையும் வந்தது.

ஜப்பானியர் ஆட்சி சிங்கப்பூரைச் சூறையாடிவிட்டுப் போன மறு ஆண்டே, 1946-இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பின்னாளில் அது சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பள்ளி என்றால் கட்டடம் வேண்டும், ஆசிரியருக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும். பண்பாட்டைப் பற்றிப் பெருமை பேசுவது எளிது. சம்பளத் தேதி தவறாமல் அதைக் காப்பாற்றுவது கடினம். அந்த வேலையைச் செய்தவர்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் சிங்கப்பூரில் வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். மாணவர்கள் குறைந்து 1982-இல் பள்ளி மூடப்பட்டது. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெற்றோர் செய்தது சரிதான். அங்கே தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தபடியே தமிழையும் பாடமாகப் படிக்கலாம். அடுத்த ஆண்டே கல்வி அமைச்சு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தைத் தொடங்கியது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள். கடையநல்லூர் மக்கள் தேர்ந்த ஒரு முஸ்லிம் புலவரின் பெயரை, எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் தங்கள் வகுப்பறையின் பெயராகச் சொல்கிறார்கள்.

கடையநல்லூர்க்காரர்களுக்கும் முன்னோடிகள் உண்டு. சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1826-லேயே சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலை எழுப்பினார்கள். மாரியம்மன் கோயில் அதே சாலையில் கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. மகுதூம் சாயபு 1887-இல் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார்.

நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மொழியை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடந்தால், வாரம் ஒரு மணி நேரம் போய்ப் பாடம் சொல்லிக் கொடுங்கள். நடக்கவில்லை என்றால், முதல் மாதச் சம்பளத்தில் கரும்பலகை வாங்கி நீங்களே தொடங்குங்கள்.