பழைய மருந்து, புதிய கிரமம்



கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு பிள்ளைக்குக் குருதிப் புற்றுநோய் என்று தெரிந்தால், மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுமுன்னே வாப்பாவும் உம்மாவும் கேட்பது, புது மருந்து ஏதும் வந்திருக்கிறதா என்பதே. கேள்வி நியாயமானதுதான், ஆயினும் இந்நோயின் சரித்திரத்தில் புது மருந்துகளைக் காட்டிலும், கைவசமிருந்தவற்றை எந்த வரிசையில், எவ்வளவு, எத்தனை நாள் இடைவிட்டுக் கொடுப்பது என்ற கிரமமே அதிக உயிர்களை மீட்டது என்பது என் அபிப்பிராயம்.

நம் வேலியோரத்துப் பட்டிப்பூச் செடி தந்த வின்கிறிஸ்டீன் என்னும் புற்றுநோய் மருந்து 1960களிலேயே கிடைத்துவிட்டது. மெதோட்ரெக்சேற்று என்னும் மருந்து அதற்கும் முந்தியது. அப்படியிருந்தும் 1980களின் தொடக்கத்தில் இந்நோய் கண்ட இந்தியப் பிள்ளைகளில் ஐவரில் ஒருவர் தேறுவதே அரிதாயிருக்க, அமெரிக்காவில் பணிபுரிந்த வைத்தியர் இயன் மக்ராத், சென்னை அடையாறு, பம்பாய், டில்லி ஆகிய மூன்று நிலையங்களின் வைத்தியர்களோடு கூடி வகுத்த எம்.சி.பி.-841 என்னும் கிரமம், புழக்கத்திலிருந்த மருந்துகளைக் கொண்டே, நான்காண்டு நோய் மீளாது வாழ்ந்தோரை நிலையத்துக்கு நிலையம் 45 முதல் 60 வீதமாக்கியது. மேல்நாட்டுக் கடுஞ்சிகிச்சையை அப்படியே பிரதி செய்தாலென்ன என்று கேட்பீர்கள். அக்கடுஞ்சிகிச்சையால் என்புமச்சை ஒடுங்கி வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நாள்களில், போஷாக்குக் குன்றிய பிள்ளையைப் புற்றுநோய்க்கு முன்பே கிருமித்தொற்று கொண்டுபோய்விடும்.

2016இல் இந்திய நிலையங்கள் சில கூடித் தொடங்கிய 'ஐசிக்கிள்' என்னும் பரீட்சையில், டொக்சோரூபிசின் என்னும் மருந்து நல்லதா, மைட்டோசான்ட்ரோன் நல்லதா என்பதை, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். குலுக்கல் என்றதும், என் பிள்ளை என்ன சோதனை எலியா என்று ஒரு தகப்பன் கொதிப்பது இயல்பே. ஆனால் இரு பக்கமும் கிடைப்பது முழுமையான சிகிச்சைதான். எது மேல் என்று வைத்தியருக்கே நிச்சயமில்லாதபோதுதான் குலுக்கல் தர்மமாகும். தெரிவை அவரிடம் விட்டால், மெலிந்த பிள்ளைக்கு மிருதுவான மருந்தென்று இரக்கத்தால் ஒதுக்குவார். பிறகு வரும் விடை மருந்தின் குணத்தையா பிள்ளையின் பலத்தையா காட்டுகிறது என்று எவராலும் பிரித்தறிய முடியாது. பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் சேர்ப்பதில்லை. கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் உரிமையுண்டு.

எந்தக் கிரமமாயினும் அதன் நீண்ட பகுதி, வீட்டிலே குளிசை விழுங்கும் ஏறக்குறைய இரண்டாண்டுதான். முகம் தெளிந்துவிட்டது, முடி வளர்ந்துவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். இடையில் காய்ச்சல் கண்டால், மஹரகமை தூரமென்று விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இது புற்றுநோய்க்கு மருந்தெடுக்கிற பிள்ளை என்பதை முதற் பேச்சாகச் சொல்லிவிடுங்கள்.